இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் கரி என்ஜினும் டிராமும் பார்க்கப் போகிறீர்களா? கடைசி பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

அப்பா ஆறு மாத விசிட்டர் விசாவில் இங்கே வந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். லண்டனில் பாலம், அரண்மனை, ராட்சத ராட்டினம் எல்லாம் சுற்றிக் காட்டினேன். "ம்… நல்லா இருக்கு" என்றதோடு சரி. இவருக்குக் கரி என்ஜினைக் காட்டினால்தான் முகம் மலரும் என்று, ஒரு திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். இரண்டு ரயில், ஒரு பஸ், அப்புறம் நடைபாதையே இல்லாத ரோட்டில் இருபது நிமிட நடை. போய்ச் சேர்ந்தால் கேட்டில் பூட்டு. திங்கள் விடுமுறையாம். திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூரத்து ஷெட்டில் தெரிந்த ஒரு சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தின் பெயர் வேண்டாம். நாட்காட்டி அவர்கள் தளத்தில் தெளிவாகத்தான் இருந்தது, பார்க்காமல் போனது நான். அதற்கப்புறம் ஏழெட்டு இடங்களுக்குப் போய் வந்துவிட்டோம். முதல் முறை போகிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது ஓரளவு பிடிபட்டிருப்பதால் எழுதுகிறேன்.

1. இடத்தை அல்ல, நாளை முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய தடங்களை எடுத்து நடத்தும் பாரம்பரிய ரயில்வேக்கள் தினமும் ஓடுவதில்லை. பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் கடைசி வரைதான் சீசன். அதிலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திங்கள், வெள்ளி போன்ற நாட்களில் பூட்டிவிடுவார்கள். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க, பள்ளி விடுமுறையில், ஏறக்குறைய எல்லா நாளும் திறந்திருக்கும், கூட்டமும் அப்போதுதான்.

அவர்கள் தளத்தில் கட்டம் கட்டமாக ஒரு நாட்காட்டி இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி டைம்டேபிள். ஒரு நிறத்தில் ஐந்து வண்டி ஓடினால் இன்னொன்றில் மூன்றுதான். புதிதாகப் போகிறவர்கள் பக்கத்தைத் திறந்ததும் மேலே தெரிகிற டைம்டேபிளைப் பார்த்துவிட்டு அதுதான் தினசரி நேரம் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் தேதி என்ன நிறம் என்று பாருங்கள், அப்புறம் அந்த நிறத்து அட்டவணையை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு வண்டிக்கும் நேரே நீராவியா டீசலா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையும் படியுங்கள். டீசல் என்ஜின்களுக்கென்றே தனித் திருவிழா வைக்கிற நாட்கள் உண்டு. அன்றைக்குப் போனால் புகையே பார்க்காமல் திரும்புவீர்கள். கோடை ரொம்ப வறண்டுபோனால் தண்டவாளத்தோரப் புல்லில் பொறி விழுந்து தீப்பிடிக்கும் என்று, நீராவிக்குப் பதில் டீசல் மாட்டி ஓட்டுவதும் உண்டு. இது முதல் நாள் இரவுகூட மாறலாம். அதனால் கிளம்புகிற அன்று காலையில் ஒரு முறை அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

முழுத் தடமும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கிடர்மின்ஸ்டரிலிருந்து பிரிட்ஜ்நார்த் வரை 16 மைல் போகும் செவர்ன் வேலி ரயில்வேயில் 2025 ஜனவரியில் ஓரிடத்தில் கரை சரிந்து, மாதக்கணக்கில் வண்டி கடைசி ஸ்டேஷன் வரை போகவில்லை.

டிசம்பரில் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் தாத்தா வண்டிகள்தான் ஓடும். அதற்குத் தனி டிக்கெட், மாதங்களுக்கு முன்பே விற்றுவிடும். குழந்தை இல்லாமல் அதில் ஏறினால் நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

2. அப்புறம் கடைசி வண்டி

நம் பழக்கம் காலையிலிருந்து கணக்குப் போடுவது: எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம். இந்த ஊர்களுக்கு அது ஒத்துவராது. மாலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

புளூபெல் ரயில்வேயை எடுத்துக்கொள்வோம். லண்டன் விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை சாதாரண ரயில், ஒரு மணி நேரத்துக்குள். அங்கே இறங்கி நாலு எட்டு வைத்தால் புளூபெல்லின் பிளாட்பாரம். அங்கிருந்து ஷெஃபீல்டு பார்க் வரை 11 மைல், முக்கால் மணி நேரத்துக்கு உள்ளேதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் என்ஜின் ஷெட், மியூசியம் எல்லாம் இருப்பது ஷெஃபீல்டு பார்க்கில், அதாவது மறுமுனையில். மதியம் 2 மணிக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஏறினால், அங்கே இறங்கி என்ஜினைச் சுற்றி வருவதற்குள் திரும்புகிற கடைசி வண்டிக்கு விசில் ஊதிவிடுவார்கள். விட்டுவிட்டால் அந்த ஸ்டேஷனிலிருந்து வேறு ரயில் கிடையாது.

ஆகவே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள், அதற்கு முந்தைய வண்டியில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் இரண்டு மணி நேரம் வேண்டும். நடு ஸ்டேஷன் ஒன்றில் இறங்கி ஏற ஒரு மணி நேரம். இதையெல்லாம் கழித்தால் காலை 10.30 மணிக்குள் அங்கே நின்றாக வேண்டும் என்பது தானே தெரியும்.

பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் பேங்க் ஹாலிடே எனும் பொது விடுமுறை நாளிலும் பல கிராமங்களுக்குப் பஸ்ஸே கிடையாது. இருக்கிற நாளிலும் மாலை ஐந்தரைக்கு மேல் தேட வேண்டியதுதான். கட்டணம் பிரச்சினை இல்லை. 2025 தொடக்கத்திலிருந்து, அரசின் கட்டண வரம்புத் திட்டத்தில் சேர்ந்த பஸ்களில் ஒரு தடவைக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. வண்டி வருவதுதான் பிரச்சினை. செயலியில் தட்டினால் வருகிற டாக்ஸியும் அந்தப் பக்கம் இருக்காது. உள்ளூர் டாக்ஸிக்காரர் ஒருவரிடம் முதல் நாளே பேசி, திரும்பும் நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

சனி, ஞாயிறுகளில் பொது ரயிலிலும் தண்டவாளப் பராமரிப்பு என்று பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்கள். ஒரு வாரம் முன்பே பயணத் திட்டச் செயலியில் அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. கார் இல்லாதவர்களுக்கு எந்த இடம்?

முதல் தடவைக்குப் பொது ரயில் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன புளூபெல் ஒன்று. பர்மிங்காம் பக்கம் இருப்பவர்களுக்கு செவர்ன் வேலி. கிடர்மின்ஸ்டரில் இரண்டு ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்து வாசல். வழியில் ஹைலியில் இறங்கினால் என்ஜின் மியூசியம் ஒன்றும் இருக்கிறது. லீட்ஸ்காரர்களுக்குக் கீத்லி. அங்கே ஒரே ஸ்டேஷனில் சில பிளாட்பாரம் பொது ரயிலுக்கு, சில பிளாட்பாரம் பழைய வண்டிக்கு. தடம் சுமார் 5 மைல்தான், அரை நாள் போதும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ரயில் மட்டுமில்லாமல் பஸ், பட்டறை, அச்சகம் எல்லாம் வேண்டுமென்றால் மேற்கு சசெக்ஸில் ஆம்பர்லி மியூசியம். பழைய சுண்ணாம்புக் குவாரிக்குள் 36 ஏக்கர். உள்ளே குறுகிய பாதை ரயிலும் பழைய பஸ்ஸும் ஓடும். ஒரு எச்சரிக்கை: ஆம்பர்லி கிராமம் வேறு, ஆம்பர்லி ஸ்டேஷன் வேறு, நடுவே ஒரு மைல். மியூசியம் ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது. மேப்பில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுக் கிராமத்துக்கு நடந்துவிடாதீர்கள்.

டிட்காட் ரயில்வே சென்டர் இதற்கு நேர்மாறான வேடிக்கை. அதற்கு ரோட்டு வாசல் கிடையாது. டிட்காட் பார்க்வே ஸ்டேஷனின் சுரங்கப்பாதை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். காரில் போனவர்கள் சுற்றுச்சுவரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

செலவே வேண்டாம் என்றால் டர்ஹம் கவுண்டியில் ஷில்டன் ஊரில் லோகோமோஷன். தேசிய ரயில் சேகரிப்பின் ஒரு பகுதி, நுழைவு இலவசம். ஷில்டன் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம்.

டெர்பிஷயரில் கிரைச் டிராம் கிராமத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ரயிலைவிட இதுதான் பிடித்தது. டிக்கெட் எடுத்ததும் உள்ளங்கையை அடைக்கிற மாதிரி ஒரு பழைய பென்னிக் காசு தருகிறார்கள். டிராமில் ஏறி அதை கண்டக்டரிடம் கொடுத்தால் டிக்கெட் கிழித்துத் தருவார். அன்றைக்கு முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். அப்பா காசைக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு டிராமை விட்டுவிட்டார். பக்கத்து ஸ்டேஷன் வாட்ஸ்டாண்ட்வெல். அங்கிருந்து மைலுக்கு மேல் நடை, முழுக்க ஏற்றம். முட்டி வலி உள்ளவர்களை அந்த வழியில் நடத்தாதீர்கள். நான் நடத்தினேன், வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

கார் வைத்திருக்கிற நண்பர் சிக்கினால் மட்டும்: நியூ ஃபாரஸ்ட் பகுதியில் தேசிய மோட்டார் மியூசியம், வாரிக்‌ஷயரில் கெய்டனில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பெட்ஃபோர்ட்‌ஷயரில் பழைய விமானங்கள் பறக்கும் ஷட்டில்வொர்த். விமானக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வயது தாண்டிய அந்த மர, துணி விமானங்களைக் காற்று அடங்கினால்தான் வெளியே எடுப்பார்கள். காசு கொடுத்தாயிற்று என்று காற்றிடம் சொல்ல முடியாது.

4. ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்காதீர்கள்

பஸ் டிரைவரிடம் கேட்கும்போது இது உதவும். டிராம் இருக்கும் ஊர் கிரிச் இல்லை, கிரைச். யார்க்‌ஷயர் ஊர் கெய்லி இல்லை, கீத்லி. தேசிய மோட்டார் மியூசியம் இருக்கும் ஊரின் பெயர் எழுத்தில் Beaulieu என்று பிரெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும், வாயில் பியூலி. அப்புறம் ஷெஃபீல்டு பார்க்குக்கும் வடக்கே இருக்கிற ஷெஃபீல்டு நகரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிக்கெட் எடுக்கும் முன் இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

5. செலவுக் கணக்கு

நாங்கள் போன இடங்களில் பெரியவர் ஒருவருக்குப் பெரும்பாலும் 15 முதல் 35 பவுண்ட் வரை ஆனது. நீளமான தடங்களில் அதையும் தாண்டும். போக்குவரத்துச் செலவு இதற்கு மேல்.

பொது ரயில் டிக்கெட் பாரம்பரிய ரயில்வேயில் செல்லாது. ஒரே பிளாட்பாரத்தில் மாறி ஏறினாலும் அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட். வெளிநாட்டுப் பயணிகள் வாங்கி வரும் பிரிட்ரெயில் பாஸும் அங்கே செல்லாது.

ஒரு வழி, இரு வழி என்பதோடு நாள் முழுக்க ஏறி இறங்கும் டிக்கெட்டும் உண்டு. பெரும்பாலும் அதற்கும் இரு வழிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதையே எடுங்கள். கிரைச், டர்ஹம் கவுண்டியின் பீமிஷ் திறந்தவெளி மியூசியம் மாதிரி இடங்களில் ஒரு முறை வாங்கிய டிக்கெட்டை வைத்து ஓராண்டுக்குள் மறுபடி போகலாம். ஆகையால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்ஜினை நின்று பார்த்தால் போதும் என்பவர்களுக்குச் சில ஸ்டேஷன்களில் பிளாட்பார டிக்கெட்டும் விற்கிறார்கள்.

வழிச் செலவைக் குறைக்க ரயில்கார்டு. இப்போது ஓராண்டுக்கு 35 பவுண்ட், மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதாவது ஆண்டுக்கு 105 பவுண்டுக்கு மேல் ரயில் டிக்கெட் எடுப்பீர்கள் என்றால் லாபம். 60 வயது தாண்டிய பெற்றோர் வந்திருந்தால் சீனியர் ரயில்கார்டு எடுங்கள். நான் ஸ்டேஷன் கவுன்டரில் அப்பாவின் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டியே வாங்கினேன். கணவன் மனைவிக்கு இருவர் கார்டு, ஆனால் அதில் பெயர் உள்ள இருவரும் சேர்ந்தே போக வேண்டும், வார நாளில் காலை 9.30க்கு முன் செல்லாது. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போகிற பேச்சலர் கூட்டமா? கார்டே வேண்டாம். குரூப்சேவ் என்று கேளுங்கள். பல ரயில் நிறுவனங்களில் நெரிசல் இல்லாத நேரத்தில் அதே மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இனி முக்கியமான பொறி. ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு விலை காட்டுவார்கள்: நன்கொடையோடு, நன்கொடை இல்லாமல். நன்கொடை விலைதான் முதலில் கண்ணில் படும், பத்து சதவீதம் கூடுதலாக. அதோடு கிஃப்ட் எய்டு என்று ஒரு பெட்டியை டிக் செய்யச் சொல்வார்கள். டிக் செய்தால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அந்த அறக்கட்டளை அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அது நீங்கள் கட்டிய வருமான வரியிலிருந்து போவது. இங்கே வரி கட்டுகிறவர் என்றால் தாராளமாக டிக் செய்யுங்கள், நல்ல காரியம். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத மாணவர், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா இவர்கள் பெயரில் டிக் செய்யாதீர்கள். வரி கட்டாமல் டிக் செய்தால் அந்தத் தொகையை வரித்துறை உங்களிடமே கேட்கலாம். கவுன்டரில் "நீங்கள் வரி கட்டுபவரா" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

காசே இல்லாமல் பார்க்க செப்டம்பரில் ஒரு வாய்ப்பு உண்டு. ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ் நடக்கும் நாட்களில் இங்கிலாந்து முழுக்கப் பல பாரம்பரிய இடங்கள் இலவசமாகத் திறக்கும், வழக்கமாக உள்ளே விடாத பட்டறைகளும் அதில் சேரும்.

6. கையில் என்னென்ன காகிதம்

நுழைய எந்த அடையாள அட்டையும் வேண்டாம். சலுகை விலைக்குத்தான் வேண்டும். மாணவர் அட்டை, பெரியவர்களுக்கு வயது தெரிகிற பாஸ்போர்ட்டின் போட்டோ, ரயில்கார்டு. கடைசியாகச் சொன்னது போனில் இருந்தால் சார்ஜ் இருக்க வேண்டும், செத்துப்போன போனைக் காட்டினால் டிக்கெட் பரிசோதகர் ஏற்கமாட்டார். மாற்றுத்திறனாளியோடு துணைக்குப் போகிறவருக்குப் பல இடங்களில் நுழைவு இலவசம், அதற்கு அத்தாட்சிக் கடிதம் கேட்கலாம். சக்கர நாற்காலி ஏற்றும் பெட்டி எல்லா வண்டியிலும் இருக்காது, முன்பே போன் செய்து சொல்லுங்கள்.

டிக்கெட், டைம்டேபிள், மேப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் போனதும் சிக்னல் போய்விடும். கார் பார்க்கிங்கில் செயலி வழியாகக் காசு கட்டச் சொல்வார்கள், அதற்கு சிக்னல் வேண்டும், அங்கே சிக்னல் இருக்காது. ஆகவே கொஞ்சம் சில்லறைக் காசும் எடுத்துப் போங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள்: இந்திய லைசென்ஸில் 12 மாதம் வரை ஓட்டலாம், ஆனால் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கிற கம்பெனிகள் அதிகம்.

7. வண்டியில் ஏறிய பிறகு

முதலில் கதவு. பழைய பெட்டிகள் பலவற்றில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வண்டி நின்றதும் கதவின் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். தெரியாமல் நாங்கள் உள்ளேயே தடவிக்கொண்டு நின்றோம். பிளாட்பாரத்தில் நின்ற ஒரு அம்மா வந்து திறந்துவிட்டார். வண்டி நகரும்போது அந்த ஜன்னலில் தலையை நீட்டாதீர்கள். பாலமும் சிக்னல் கம்பமும் ரொம்ப ஒட்டி வரும். அது போக, பறந்து வருகிற கரித்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் போகும்.

சில தடங்களில் இன்னும் அந்தச் சின்ன அட்டை டிக்கெட்டையே தருகிறார்கள். நம் ஊரில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கவுன்டரில் தேதி குத்திக் கொடுத்தார்களே, அதே அளவு, அதே தடிமன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேய், இது நம்ம அட்டை டிக்கெட்டுடா" என்று, ஓரத்தை விரலால் தடவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

சாப்பாடு கையில் கொண்டுபோங்கள். உள்ளே கேன்டீனில் சைவத்துக்குக் கிடைப்பது தோலோடு சுட்ட உருளைக்கிழங்கின் மேல் பீன்ஸ், சீஸ் சாண்ட்விச், ஸ்கோன். நாலு மணிக்கு அதையும் மூடுவார்கள். உணவோடு டிக்கெட் விற்கிற வண்டியைத் தவிர, சாதாரணப் பெட்டியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரும் தடுப்பதில்லை. நாய்களையும் கூட்டிக்கொண்டு ஏறுவார்கள். நாய்க்குப் பயந்தவர்கள் வேறு பெட்டி பார்த்து உட்காருங்கள்.

வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டுவார்கள், அதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். உடனே டீக்கடைக்கு ஓடாமல் அந்த நேரத்தில் என்ஜின் பக்கம் போய் நில்லுங்கள். அங்கேதான் அப்பாவிடம் டிரைவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அப்பாவின் ஆங்கிலம் கொஞ்சம்தான். "ரயில்வே. ஒர்க்‌ஷாப். பாய்லர்" என்று மூன்று சொல் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். டிரைவர் உடனே ஒதுங்கி நின்று, ஏறி வா என்று கையைக் காட்டினார். நான் கீழேயே நின்றேன். கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்து காட்டினார், அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இப்படி எல்லோரையும் ஏற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டால் மறுப்பது குறைவு. ஓட்டியே பார்க்க வேண்டும் என்றால் அதற்குப் பயிற்சி வகுப்புகள் உண்டு, நூறு பவுண்டுகளில் பேச வேண்டிய விஷயம், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, வெள்ளைச் சட்டை வேண்டாம். போட்டுவிட்டீர்கள் என்றால், விழுந்த கரியை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, நன்றாக உதறி, அப்புறம் சோப்பில் போடுங்கள். முப்பத்து நான்கு வருடம் கரிச்சட்டை துவைத்த அம்மா போனில் சொன்ன முறை இது.